முருகன் பேரில் நான் சொன்ன பொய்

பள்ளங்கிக்கு வாழப் போய் இருபத்தோரு நாளாகிவிட்ட என் மகளுக்கு, கொடைக்கானல் கோழிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து உன் அம்மா எழுதுவது.

நேற்று போனில் ஒரு கேள்வி கேட்டாய். "விருந்தன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி ஏம்மா அப்படிப் பேசினே? என்னை வாழாவெட்டியா திருப்பி அனுப்பிருவாங்கன்னு உனக்குப் பயமா இல்லையா?" நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. உனக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இன்று செவ்வாய்க்கிழமை. ஊரே கவுச்சியைத் தொடாது, கடையில் ஈ ஓட்டுகிறோம். உன் அப்பா பின்னால் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருக்கிறார். அவர் வந்து எட்டிப் பார்ப்பதற்குள் எழுதி முடிக்கப் பார்க்கிறேன். முடியாது என்றும் தெரியும், ஏனென்றால் கதையைத் தீபாவளியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்போது உனக்குப் பதினேழு வயது. தீபாவளிக்கு முந்தின நாள். மலைப்பாதையில் மண் சரிந்து, வத்தலக்குண்டிலிருந்து ஏறிய கோழி வண்டி மணிக்கணக்கில் மழையில் நின்றுவிட்டது. விடிந்து கடைக்கு வந்து சேர்ந்தபோது பெட்டிகளுக்குள் பாதிக் கோழி விறைத்துக் கிடந்தது. எதில் உயிர் இருக்கிறது, எதில் இல்லை என்று பிரித்துப் பார்க்க ஆள் இல்லை. நீ வந்தாய். யாரும் சொல்லாமலே கணப்புச் சட்டியில் கரியைப் போட்டு ஊதினாய். உன் பழைய ஸ்வெட்டரைத் தரையில் விரித்து, ஒவ்வொரு கோழியாக எடுத்துத் துடைத்துச் சூடு காட்டினாய். மத்தியானத்துக்குள் நாற்பதுக்கு மேல் தலை தூக்கிவிட்டன. ஒன்று எழுந்து நின்று உன் விரலைக் கொத்தியதும் "அம்மா, பொழச்சிருச்சு!" என்று நீ கத்தியது பக்கத்துப் பேக்கரி வரைக்கும் கேட்டது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அது தீபாவளி வியாபாரம். இரண்டு மணிக்குக் கூட்டம் சேர்ந்ததும் உன் அப்பா கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்து, நீ பிழைக்க வைத்த கோழிகளில்தான் ஆரம்பித்தார். வேண்டுமென்றே செய்யவில்லை. அவைதான் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தன. நீ கணப்பை அணைத்து, சாம்பலைக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனாய்.

மறுநாள் காலையில் இட்லிக்குக் கோழிக் குழம்பு ஊற்ற வந்தேன். "எனக்கு வேணாம்மா" என்றாய். "ஏண்டி, நல்ல நாளும் அதுவுமா மொகத்தத் தூக்கி வச்சிட்டு உக்காந்திருக்க?" என்று கேட்டேன். நீ சட்னியைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனாய். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நானும் அப்பாவும் பேசிக்கொண்டோம். அந்த இரண்டு நாள் ஏழு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது.

அன்றிலிருந்து நம் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் காரணங்களுக்குப் பஞ்சம் வரவில்லை. "மனுசன் வளக்கலேன்னா அந்த வெள்ளைக் கோழியே உலகத்துல பொறந்திருக்காது" என்பார் உன் அப்பா, ஏதோ அவரே அடைகாத்துப் பொரித்த மாதிரி. "நாம விக்கலேன்னா பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரன் விப்பான்" என்பேன் நான். உன் சித்தப்பா ஒரு படி மேலே போனார். "செடிக்கும் உயிரிருக்குல்ல? கேரட்டைப் புடுங்குறப்ப அது அழுவுறது உனக்குக் கேக்கலையா?" என்று உன்னை மடக்கினார். தன் வாழ்நாளில் ஒரு கேரட்டுக்காகவாவது அந்த மனிதர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், நீ எங்களை ஒரு வார்த்தை கேட்கவே இல்லை. சாப்பிடாதீர்கள் என்றோ, கடையை மூடுங்கள் என்றோ ஒரு நாளும் சொன்னதில்லை. நீ பேசாமல் ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். நாங்கள்தான் கோர்ட்டில் நிற்கிறவர்கள் மாதிரி மாற்றி மாற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "உன் காலேஜ் ஃபீஸ் கட்டினது அந்தக் கோழிதான். படிக்கிறப்ப மட்டும் இனிச்சுச்சாக்கும்?" என்று கேட்டுவிட்டேன். நீ தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாய், ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அது தப்பு, கண்ணு. என் தொழிலில் எனக்கு இருந்த உறுத்தலை உனக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கப் பார்த்தேன்.

நினைத்துப் பார்த்தால் நாம் கறி தொடாத நாள் வருஷத்தில் பாதி இருக்கும். செவ்வாய், வெள்ளி, கார்த்திகை, சஷ்டி, அமாவாசை, அப்புறம் புரட்டாசி முழுக்க. உன் அப்பா பழனிக்கு மாலை போட்டுவிட்டால் முட்டை வாசனை கூட ஆகாது. கத்தியையும் தொட மாட்டார். பக்கத்துக் கடை பாயைக் கூப்பிட்டு அறுக்கச் சொல்லிவிட்டு, தான் கல்லாவில் உட்கார்ந்து காசை மட்டும் வாங்கிப் போடுவார். பாய் ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏண்ணே, மாலை உங்க கழுத்துல கெடக்கு, காசு உங்க பொட்டியில கெடக்கு, கோழி மட்டும் என் கைக்கா?" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் ஏன் மாலை போட்டீர்கள், ஏன் விரதம் என்று அவரை இந்த ஊரில் ஒருத்தரும் மடக்கவில்லை. சாமிக்காக விட்டால் பக்தி, கோழிக்காக விட்டால் திமிர் என்று நாம் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்து வைத்திருக்கிறோம். இந்த ஊர் வழக்கம் எனக்கு அத்துப்படி. அதை வைத்துத்தான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

உன்னைப் பெண் பார்க்க வந்தபோது உன் மாமியார் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "புள்ள கவுச்சி சாப்பிடாதாமுல்ல? எங்க வீட்டுல ஞாயித்துக்கெழமைன்னா கறி இல்லாம அடுப்பு எரியாதுங்க." நீ பதில் சொல்ல வாயைத் திறந்தாய். நான் முந்திக்கொண்டேன். "பழனி முருகனுக்கு வேண்டுதலுங்க மதினி. நல்ல எடத்துல கல்யாணம் கூடணும்னு ஏழு வருசமா நாக்கைக் கட்டிட்டு இருக்கா." உன் மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து உன் கன்னத்தைத் தொட்டு, "இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளையா!" என்றார். பூ வைக்கிற நாளையே அப்போதே குறித்துவிட்டார்கள். பொய் அவ்வளவு சுளுவாக வேலை செய்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட வந்தது.

அவர்கள் போனதும் நீ கேட்டாய்: "ஏம்மா இப்படிச் சொன்னே? நானே உண்மையைச் சொல்லியிருப்பேனே." "உண்மையைச் சொன்னா ஏன், எதுக்குன்னு நூறு கேள்வி வரும். வேண்டுதல்னா ஒரு கேள்வியும் வராது" என்றேன். "கல்யாணத்துக்கு அப்புறம்?" என்றாய். "அப்புறத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். நீயாக யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினேன். மாப்பிள்ளைக்கு மட்டும், அன்று தனியாகப் பேசியபோதே நீ சொல்லியிருந்தாய். "எங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாராம். இன்னமும் மனசுக்குள் பேசிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

கல்யாணம் கூடிவர வேண்டும் என்பதற்காக எடுத்த விரதம் கல்யாணம் கூடினால் முடிந்துவிடும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. பழனி அடிவார மண்டபத்தில் தாலி கட்டியபோது சைவச் சாப்பாடு, அதனால் சிக்கல் இல்லை. மூன்றாம் நாள் பள்ளங்கியில் கறிவிருந்து. நானும் அப்பாவும் தட்டு வரிசையோடு போய் இறங்கினால், வழக்கமான விருந்தை உன் மாமியார் உன் விரதம் முடிக்கிற விருந்தாக மாற்றி வைத்திருந்தார். இரண்டு ஆடு வெட்டியிருந்தார்கள். மலையின் அந்தக் கோடியில் இருக்கிற கிளாவரையிலிருந்தெல்லாம் வேன் பிடித்து ஆட்கள் வந்திருந்தார்கள். முதல் இலை உனக்கு, முதல் துண்டு ஈரலை உன் மாமியார் தன் கையால் உனக்கு வைப்பார், அப்புறம்தான் மற்றவர்களுக்குப் பரிமாறுவது என்று ஏற்பாடு. தார்ப்பாய்ப் பந்தலுக்கு நடுவில் பட்டுப்புடவையோடு நீ நின்றாய். என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாய். ஒன்று, நீ அந்த ஈரலை விழுங்க வேண்டும். அல்லது என் தலைமேல் செய்த சத்தியத்தை மீற வேண்டும். உன்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தினது நான். நான் என்ன செய்தேன் தெரியுமா? தாகமாக இருக்கிறது என்று சொல்லி அடுப்படிக்கு நழுவினேன்.

அங்கே பேத்துப்பாறையிலிருந்து வந்திருந்த உன் மாமியாரின் அக்கா, நீ பெரியத்தை என்று கூப்பிடுகிறவர், ரசச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் ஒரு கரண்டி நிறைய ஆட்டெலும்புச் சாறு. நான் பார்த்ததும் அவர் பதறவில்லை. கண்ணடித்துச் சிரித்தார். "காலையில ரசம் சோறே போதும்னுச்சு புள்ள. ஏழு வருசம் ஆச்சுல்ல, கூச்சப்படுது. கொஞ்சம் சாறைக் கலந்து விட்டா நாக்கு தானா பழகிரும். தெரியவா போகுது? ஒடம்பு தேறணும்ல மதினி?" என்றார். கெட்ட எண்ணமே இல்லை, பாசம்தான்.

இப்போது எழுதப்போவது உனக்குத் தெரியாது. நீ கோழியை விட்ட முதல் வருஷம் ரொம்ப இளைத்துப்போனாய். பரீட்சை வேறு வந்துகொண்டிருந்தது. நான் கடையிலிருந்து எலும்பைக் கொண்டுவந்து வேக வைத்து, அந்தத் தண்ணீரில் உனக்கு ரசம் வைத்தேன். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, ஆறு மாசம். "நம்ம வீட்டு ரசம் மாதிரி வராதும்மா" என்று நீ ஊற்றி ஊற்றிக் குடித்தாய். அப்பா கண்டுபிடித்துத் திட்டியபோது நான் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? "தெரியவா போகுது? ஒடம்பு தேறணும்ல?" அச்சு அசல் அதே வார்த்தை. அந்த ஆறு மாசமும் எனக்கு ஒரு துளி உறுத்தல் இல்லை. பிள்ளைக்கு நல்லது செய்கிறேன் என்று நிம்மதியாகத் தூங்கினேன். அதையே இன்னொருத்தர் கையில் பார்த்தபோதுதான் நான் செய்தது என்னவென்று புரிந்தது. நீ பார்த்துப் பார்த்துக் காப்பாற்றி வந்த ஒன்றை உனக்குத் தெரியாமல் நான் பாழாக்கியிருக்கிறேன். இதற்கு நான் காரணம் சொல்லப்போவதில்லை. மன்னிக்க முடிந்தால் மன்னி. கோபம் வந்தால் கோபப்படு, அதற்கும் உனக்கு உரிமை இருக்கிறது.

பெரியத்தை கையிலிருந்து கரண்டியை வாங்கிக் குழம்பிலேயே கவிழ்த்தேன். ஆனால் அதற்கு முன்னாலேயே இரண்டு கரண்டி போய்விட்டது போல, ரசத்தின் மேல் எண்ணெய் மினுங்கியது. அந்தச் சட்டியைத் துணி பிடித்துத் தூக்கிக்கொண்டு நேராகப் பந்தலுக்கு வந்தேன். உன் மாமியார் ஈரல் தட்டோடு உன் இலைக்குப் பக்கத்தில் குனிந்துவிட்டார். "மதினி, வைக்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பந்தி முழுக்கத் திரும்பியது. அப்புறம் நான் பேசியது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், என் கையெழுத்தில் அது உன்னிடம் இருக்கட்டும். "என் மகளுக்கு வேண்டுதலும் இல்ல, விரதமும் இல்ல. முருகன் பேரைச் சொல்லி நான் பொய் சொன்னேன். அவ கறி திங்க மாட்டா. இன்னைக்கும் மாட்டா, என்னைக்கும் மாட்டா. அவளுக்கு மனசு வரல. பொய் சொன்னது நான். ஏச்சு ஏசுறதா இருந்தா என்னைய ஏசுங்க. இந்த ரசத்துல எலும்புச் சாறு கலந்திருக்கு, இதை அவளுக்கு ஊத்தாதீங்க."

பின்பந்தியில் யாரோ, "கோழிக்கடைக்காரி மக கோழி திங்க மாட்டாளாமுல்ல!" என்றார். சிரிப்பு எழுந்தது. பெரியத்தை அடுப்படி வாசலில் வந்து நின்று, முகம் சிவக்க, "அப்ப இங்க உக்காந்து திங்கிற நாங்கெல்லாம் பாவியா? உன் மக எங்களை அப்படித்தான் நெனைக்கிறாளா?" என்று கேட்டார். நீ எழுந்தாய். சத்தியத்தை நானே அவிழ்த்துவிட்டேன் என்று உனக்குப் புரிந்துவிட்டது. "பெரியத்தை, நான் யாரையும் ஒண்ணும் நெனைக்கல. எங்கப்பா அம்மா செய்யிற தொழில்தான் என்னைய வளத்துச்சு. ஆனா என்னால முடியல. நீங்க சாப்பிடுங்க, நான் உங்க பக்கத்துல உக்காந்து ரசம் சோறு சாப்பிடுறேன்" என்றாய். குரல் உடையவில்லை. ஏழு வருஷமாக நாங்கள் அள்ளி வீசிய காரணங்களுக்கு முன்னால் உன்னிடம் இருந்தது அந்த "முடியல" ஒன்றுதான். அதை நீ கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. என் வயிற்றில் பிறந்தவளா இவள் என்று நான் அசந்து நின்றேன்.

உன் மாமியார் முதலில் என்னைப் பார்த்தார். "என்கிட்டயே சொல்லியிருக்கலாமே மதினி. முருகனை எதுக்கு நடுவுல இழுத்தீங்க?" என்றார். "பயந்துட்டேங்க" என்றேன். அடுத்து மகனைப் பார்த்தார். "ஏலே, உனக்குத் தெரியுமா?" மாப்பிள்ளை தலையை ஆட்டினார். அந்த அம்மாள் ஈரல் தட்டை அப்படியே மகன் இலையில் கவிழ்த்தார். "தின்னு. அந்த வாய்தான் பேசுறதுக்கு ஒதவலையே" என்றார். பந்தலே வெடித்துச் சிரித்தது. அப்புறம் அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "வெரசா புளியக் கரைங்கடி. வேற சட்டியில புதுசா ரசம் வைங்க." முதல் இலை பெண்ணுக்கு என்கிற முறை மாறவில்லை. அதனால் புளி கரைந்து, தக்காளி வெந்து, பூண்டு தட்டிப் போட்டு ரசம் நுரை கட்டி இறங்கும் வரைக்கும், கிளாவரைக்காரர்கள் உட்பட அத்தனை பேரும், இரண்டு ஆட்டுக் கறியும் உனக்காகக் காத்துக்கிடந்தார்கள். நான் எத்தனையோ விருந்துக்குப் போயிருக்கிறேன். ஒரு கரண்டி ரசத்துக்கு அப்படி ஒரு மரியாதையைப் பார்த்ததில்லை. உன் அப்பா மட்டும் என் காதில், "இனிமே பொய் சொல்றதா இருந்தா என்னைய ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லு" என்றார்.

பயம் இல்லையா என்று கேட்டாயே, இருந்தது. ஆனால் அந்த எலும்புச் சாற்றைப் பார்த்த பிறகு, நீ திரும்பி வந்துவிடுவாயோ என்கிற பயத்தைவிட, அந்த வீட்டில் வாழ்நாள் முழுக்க உனக்கே தெரியாமல் உன்னை ஏமாற்றுவார்களே என்கிற பயம் பெரிதாகிவிட்டது. நான் திருந்திப் புண்ணியவதி ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கடை நடக்கிறது, நானும் சாப்பிடுகிறேன். மழைக் காலத்தில் மலைப்பாதை மோசமாக இருந்தால் கோழி ஏற்ற வேண்டாம் என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டேன். வியாபாரம் போகிறதே என்று அப்பா முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும். மற்றபடி மாறினது ஒன்றுதான். முன்பெல்லாம் யாராவது "உங்க மகளே கோழி திங்காதாமே" என்று இழுத்தால், பூமியில் உள்ள நியாயமெல்லாம் பேசுவேன். போன வாரம் ஒரு ஹோட்டல்காரர் அதையே கேட்டார். "ஆமாங்க, அவளுக்கு மனசு வரல. உங்களுக்கு முழுசா, துண்டு போட்டா?" என்றேன். பேச்சு அதோடு முடிந்தது. இத்தனை வருஷம் தொண்டை வறளப் பேசினதெல்லாம் எதற்கு என்று இப்போது சிரிப்பு வருகிறது. நீயும் அந்த வீட்டில் யாருக்கும் நீளமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதே. அவர்களையும் கேட்காதே. உன் தட்டில் எது இருக்கிறது என்பதில் மட்டும் ஏமாந்துவிடாதே.

இன்னொன்றும் எழுத வேண்டும், இதற்காகத்தான் இன்று காகிதத்தையே எடுத்தேன். விருந்தன்று பெரியத்தை வெற்றிலை கூடப் போடாமல் பஸ் ஏறிப் போனாரே, நினைவிருக்கிறதா? முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்தவர் நேராக நம் கடைக்கு வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவர் பையிலிருந்து ஒரு மண்சட்டியை எடுத்துக் கல்லாமேல் வைத்தார்.

"மோந்து பாருங்க மதினி. கறி வாடை ஏதும் அடிக்குதா?"

"புதுச் சட்டியில எப்படிங்க அடிக்கும்?"

"வர்ற வாரம் புள்ளைங்க ரெண்டும் எங்க வீட்டுக்கு விருந்துக்கு வருதுல்ல, அதுக்குன்னே வெள்ளனே வந்து வாங்கினேன். கரண்டியும் தனியா வாங்கிட்டேன்."

தீபாவளி, கணப்பு, நாற்பது கோழி எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. "அவளுக்கு ஏன் மனசு வரலைன்னா மதினி..." என்று ஆரம்பித்தேன். அவர் கையை வீசி நிறுத்தினார்.

"அதெல்லாம் எனக்கு எதுக்கு? புள்ள வேணாம்னுச்சு. வேணாம்னா வேணாம்தான். நீங்க ஒரு கிலோ கோழியப் போடுங்க வெரசா, வீட்டுல சோலி கெடக்கு, பஸ்ஸுக்கு வேற நேரமாச்சு."

போட்டுக் கொடுத்தேன். கோழிப் பையை ஒரு கையிலும் சட்டியை மறு கையிலும், ஒன்றோடு ஒன்று பட்டுவிடாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு ஏற்றத்தில் மூச்சு வாங்க அவர் ஏறிப்போவதைக் கடை வாசலில் நின்று பார்த்தேன். ஜெயித்துவிட்டாய், கண்ணு. போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வா.

உன் அம்மா